கைக்கோலும் பலகையும்

'கண்டக்டர்' என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன், பேருந்திற் சீட்டுக் கொடுப்பவரையே நம் நகரத்தார் நினைப்பர். மேனாட்டிலோ அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. ஆர்க்கெஸ்ட்ரா எனப்படும் பெரிய இசைக்குழுவின் முன்னே, சிறு கோலொன்றைக் கையிற் பற்றி நின்று, எண்பது தொண்ணூறு கலைஞரை ஒருங்கே இசைக்கச் செய்பவரும் கண்டக்டரே ஆவர். அவர் யாதொரு கருவியையும் இசைப்பதில்லை, வாய்திறந்து பாடுவதுமில்லை. ஆயினும், கச்சேரி முடிந்ததும் அவையோரின் கைதட்டு முதற்கண் அவர்க்கே கிடைக்கின்றது. "ஒலியெழுப்பாதவர்க்கு இசையிற் பங்கு யாது?" என வினவுவார் நம்முள் பலர். அவ்வினாவிற்கு விடை கண்டு, அவ்விடையினின்று மதுரைவாழ் மாணவராகிய நாம் கொள்ளத்தக்கது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு எடுத்துக்காட்டாக யான் கொண்டது, பம்பாயிற் பிறந்து, ஆஸ்திரியத் தலைநகராகிய வியன்னாவிற் பயின்று, உலகெங்கும் பெயர் நாட்டிய ஜுபின் மேத்தாவின் வாழ்க்கை.

ஆர்க்கெஸ்ட்ராவிற்குத் தமிழில் புதுச்சொல் தேடி நாம் அலைய வேண்டுவதில்லை. 'பல்லியம்' என்னும் பழஞ்சொல் நமக்கு உண்டு. பல இயங்கள் கூடி ஒலிப்பது பல்லியம். புறநானூற்றுப் புலவர் ஒருவர்க்கு நெடும்பல்லியத்தனார் என்பதே பெயர். அவர் பாடியது பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை. அப்பாட்டில் யாழும் ஆகுளியும் பதலையும் ஒருங்கே காட்சி தருகின்றன. மலைபடுகடாத்திற் கூத்தர் தம் கருவிகளையெல்லாம் பைகளிற் கட்டிச் சுமந்து செல்லும் காட்சியை நம் வகுப்பிற் பயின்றார் எவரும் மறவார். எனவே, பல கருவிகளை ஒன்று கூட்டி இசைத்தல் மேனாட்டார்க்கே உரியது என்றல் பொருந்தாது. கூட்டிசை நம் நாட்டில் முன்னமே இருந்தது. பின்னர் எக்காரணத்தாலோ தேய்ந்தது. அஃது இனியும் தழைக்கக்கூடுமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

இனி, பல்லிய நெறியாளரின் தொழில் யாது என்பதைச் சிறிது காண்போம். மேனாட்டுப் பல்லியத்தில் நரம்புக் கருவிகள், மரக்குழல்கள், பித்தளைக் குழல்கள், தாளக் கருவிகள் என நான்கு பெரும்பகுதிகள் உள. ஒவ்வொரு கலைஞர் முன்னும் அவர் இசைக்கவேண்டிய பகுதி மட்டுமே தாளில் இருக்கும். பிடில் வாசிப்பவர்க்குக் கொம்பு ஊதுபவரின் பகுதி தெரியாது. முரசு கொட்டுபவர் நூறு அளவுகள் வாளாவிருந்து, ஒரே ஒரு முறை கொட்டவேண்டியும் வரும். அனைவர் பகுதியும் ஒருங்கே எழுதப்பெற்ற முழுச்சுவடி நெறியாளரிடம் மட்டுமே உண்டு. அவர் பொதுவாக வலக்கைக் கோலால் காலத்தை வகுக்கின்றார். இடக்கையால் ஓசையின் ஏற்றத்தையும் தாழ்வையும் குறிக்கின்றார். உரிய வேளையில் உரியவரைக் கண்ணால் அழைக்கின்றார். மேடையில் நாம் காண்பது அத்தொழிலிற் சிறுபங்கே. பெரும்பங்கு, அதற்கு முன் நாட்கணக்கில் நடைபெறும் ஒத்திகையில் முடிந்துவிடுகின்றது. சுருங்கக் கூறின், பிறர் அனைவரையும் கேட்பதே அவர் தொழில். ஒருவரையொருவர் கேளாத பலரை, ஒருவரையொருவர் கேட்கச் செய்பவர் அவர்.

ஜுபின் மேத்தாவின் வரலாற்றை அவர் பிறந்த நாளிலிருந்து தொடங்குதல் வழக்கம். யானோ அதற்கு ஓராண்டு முன்னரே தொடங்க விழைகின்றேன். 1935-ஆம் ஆண்டில், மெஹ்லி மேத்தா என்னும் பார்சி இளைஞர் பம்பாயில் ஒரு பல்லியத்தை நிறுவினார். பிடில் வாசிப்பைப் பெரும்பாலும் தம் முயற்சியாலேயே கற்றுக்கொண்டவர் அவர். பம்பாய் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா என அதற்குப் பெயர். பார்சியரும் கோவாக் கிறித்தவரும், ஐரோப்பாவினின்று அடைக்கலம் புகுந்தோரும் அந்நாளையப் பம்பாயின் மேனாட்டிசை அரங்குகளில் ஒருங்கே அமர்ந்தனர். அடுத்த ஆண்டு, 1936 ஏப்ரல் 29-இல், மெஹ்லிக்கு மகன் பிறந்தார். அவரே ஜுபின். ஒத்திகையின் ஓசை அம்மகவிற்குத் தாலாட்டாயிற்று. 1945-இல் தந்தை மேலும் பயில நியூயார்க்கு சென்றார். பிறர்க்கு ஆசிரியராய் விளங்கிய பின்னரும் மாணவராகத் தயங்கினாரல்லர்.

மகனை மருத்துவராக்கவே குடும்பத்தார் விரும்பினர். ஜுபினும் தூய சவேரியார் கல்லூரியில் அதற்குரிய பாடங்களைச் சிறிது காலம் கற்றார். ஆயினும் உள்ளம் அதிற் படியவில்லை. 1954-இல், பதினெட்டாம் அகவையில், வியன்னா சென்று இசைக்கல்லூரியிற் சேர்ந்தார். அங்கு அவர்க்கு வாய்த்த ஆசிரியர் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்னும் ஆஸ்திரிய நெறியாளர். ஷேன்பெர்க், வெபெர்ன் என்னும் இசைப்புலவர்களிடம் பயின்றவர் இவர். மேடைப்புகழினும், நெறியாளரை ஆக்கிய ஆசிரியர் என்னும் புகழே இவர்க்கு மிகுதி. கிளாடியோ அப்பாடோவும் இவர் மாணவரே. மாணவராய் இருந்த காலத்தில் ஜுபின், பல்லியத்திற் கீழ்க்குரல் தரும் பெரிய நரம்புக் கருவியாகிய டபுள்பாஸையும் பயின்றார். பின்னாளிற் கோலேந்துபவர் முன்னாளிற் பின்வரிசையில் நின்று இழுத்துப் பழகியது சிறப்பன்றோ? 1956-இல் ஹங்கேரிநாட்டுப் புரட்சி ஒடுக்கப்பட்டு, அந்நாட்டு மக்கள் அகதிகளாய் ஆஸ்திரியாவிற் புகுந்தபோது, உடன்பயில்வோரைத் திரட்டி, ஒரு வாரத்தில் ஒரு பல்லியம் அமைத்து, வியன்னாவிற்கு வெளியே அகதிகள் முகாமில் இசைவழங்கினார் அவ்விருபதாண்டு இளைஞர். அவர் கைக்கோலின் தொடக்கநாட் பணிகளுள் ஒன்று அஃது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரித்தல் வேண்டா, சுருக்கமே போதும். 1958-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நடந்த அனைத்துலகப் போட்டியில் முதற்பரிசு பெற்றார். இருபத்தைந்து அகவைக்குள் வியன்னா, பெர்லின், இஸ்ரேல் ஆகிய மூன்று பெரும் பில்ஹார்மானிக் பல்லியங்களையும் நடத்தினார். 1961 முதல் 1967 வரை கனடாவின் மாண்ட்ரீயலிலும், 1962 முதல் 1978 வரை லாஸ் ஏஞ்சல்ஸிலும், 1978 முதல் 1991 வரை நியூயார்க்கிலும் இசைத்தலைவராய் அமர்ந்தார். இஸ்ரேல் பல்லியம் 1981-இல் அவரை வாழ்நாள் தலைவராக்கியது. 2019-இல் அப்பொறுப்பினின்று ஓய்வு பெற்றார். வியன்னாவின் புகழ்மிக்க புத்தாண்டுக் கச்சேரியை 1990, 1995, 1998, 2007, 2015 ஆகிய ஐந்தாண்டுகளில் நடத்தினார். நம் அரசு 1966-இல் பத்மபூஷணும் 2001-இல் பத்மவிபூஷணும் அளித்தது. இத்துணை நெடிய அயல்நாட்டு வாழ்விலும் இந்தியக் குடியுரிமையை அவர் துறந்தாரல்லர்.

பதவிகளின் பட்டியல் ஒருவர் ஆற்றலைக் காட்டும். அவ்வாற்றல் எதற்குப் பயன்பட்டது என்பதைக் காட்டாது. ஆதலின், மூன்று நிகழ்ச்சிகளை ஈண்டுத் தனியே எடுத்துரைப்பேன். 1992-இல் போரில் எரியுண்ட சரயேவோ நகர நூலகத்தின் இடிபாடுகளிடையே, 1994-இல், அந்நகரக் கலைஞரைக் கொண்டே மோட்ஸார்ட்டின் இரங்கலிசையை நடத்தினார். 1999-இல், ஜெர்மானியரின் புகென்வால்ட் வதைமுகாம் இருந்த இடத்திற்கு அருகே, வைமார் நகரில், இஸ்ரேல் பல்லியத்தையும் ஜெர்மனியின் பவேரிய அரசுப் பல்லியத்தையும் ஒரே மேடையில் அமர்த்தி, மாலரின் 'உயிர்த்தெழுதல்' சிம்பனியை இசைக்கச் செய்தார். மூன்றாவது நம் நாட்டது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகை, கடலூர், குமரிக் கரைகளிற் பேரழிவு செய்தது. சரியாக ஓராண்டு கழிந்த நாளில், 2005 டிசம்பர் 26-இல், அதே பவேரியப் பல்லியத்துடன் சென்னை மியூசிக் அகாடமியில் நினைவிசை வழங்கினார். மார்கழிக் கச்சேரிகள் நிகழும் அதே அரங்கில் மேனாட்டுப் பல்லியம் நம் இறந்தோர்க்காக ஒலித்தது.

இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. 2013 செப்டம்பரில் காஷ்மீரத்து ஸ்ரீநகரில், ஷாலிமார் பூங்காவில் அவர் நடத்திய கச்சேரிக்கு அழைப்புப் பெற்றோர் மட்டுமே சென்றனர். கடுங்காவலுக்கிடையே இசை நிகழ்ந்தது. நகரிற் கடையடைப்பு நிகழ்ந்தது. எதிர்ப்பாக மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. இசை இனிதாகவே இருந்திருக்கும். ஆயினும், யார்க்காக இசைக்கப்பட்டதோ அவர்கள் வேலிக்கு வெளியே நின்றனர். மேடையில் எத்துணைக் கருவிகள் ஒன்றுபடினும், வாயில் அடைபட்டிருப்பின் அப்பல்லியம் நிறைவுற்றதாகாது. கோலின் ஆற்றலுக்கும் ஓர் எல்லையுண்டு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இனி என் கருத்தைக் கூறுவேன். ஜுபின் மேத்தாவைப் போற்றுவோர் பலர். அவரைப்போல் நம்மிடையே ஒருவர் தோன்றவேண்டுமென விழைவோரும் பலர். அவ்விழைவு பிழையன்று. ஆயினும், நாம் பின்பற்றத்தக்கவர் மகனைவிடத் தந்தையே என்பது என் துணிபு. என்னை? மகனுக்கு வியன்னா இருந்தது. தந்தைக்கோ ஒன்றும் இல்லை. இல்லாத ஊரில் ஒரு குழுவை உண்டாக்கினார். அக்குழு உலகப்புகழ் பெறவில்லை. மெஹ்லியே பின்னர் இங்கிலாந்திற்கும் அமெரிக்காவிற்கும் சென்று, லாஸ் ஏஞ்சல்ஸில் 1964-இல் இளைஞர் பல்லியம் ஒன்றை நிறுவி, 2002-இல் அமெரிக்காவிலேயே காலமானார். ஆயினும், அவர் பம்பாயில் இட்ட விதையே ஜுபினாக வளர்ந்தது. அந்நாளையப் பம்பாய்க்கு வந்தோருள் வால்ட்டர் காப்மன் என்பவரும் ஒருவர். பழைய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசிற் பிறந்த யூதர். 1934-இல் பம்பாய் அடைந்து, மெஹ்லியுடன் கூடி இசைத்தவர். நம் வானொலி நிலையங்கள் விடியலில் எழுப்பும் அறிமுக இசையை அமைத்தவர் இவரே. மதுரை வீடுகளில் எத்தனையோ காலைகளை எழுப்பிய அவ்வோசை, அயலாரை ஏற்று அமர்த்திய ஒரு நகரத்தின் கொடையன்றோ? மேதை வானினின்று விழுவதில்லை. கூடி இசைக்கும் ஓரிடம் முன்னே தோன்றுகின்றது. மேதை பின்னே தோன்றுகின்றான்.

நம் மதுரையை நோக்குவோம். தனிமேதைகளுக்கு இங்கே குறைவில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-இல் இந்நகரிற் பிறந்தார். மணி ஐயர் தம் பெயரோடு மதுரையையும் சேர்த்தே புகழ்பெற்றார். பழைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943-இற் பிறந்த இளையராஜா, தமையனார் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊரூராகப் பாடித் திரிந்து, பின் சென்னை சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை முறையைப் பயின்றார். அவர் இயற்றிய 'வேலியண்ட்' என்னும் சிம்பனி 2025 மார்ச் 8-இல் இலண்டனில் ராயல் பில்ஹார்மானிக் பல்லியத்தால் இசைக்கப்பட்டது. அந்நாளில் நாமனைவரும் களித்தோம், களித்ததில் வியப்பில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்தோமா? பண்ணைப்புரத்தார் எழுதிய இசையைக் கேட்க, அவ்விசைச்சுவடி தேம்ஸ் நதிக்கரைக்குச் செல்லவேண்டியதாயிற்று. இந்தியா முழுவதற்கும் தொழில்முறைச் சிம்பனிப் பல்லியமாகப் பம்பாயில் 2006-இல் அமைந்த ஒன்றையே காட்டுகின்றனர். வைகைக்கரையிற் கவிஞர் உண்டு, பாடகர் உண்டு, கருவி வல்லார் உண்டு. அவர்கள் கூடியமரும் கூடம் இல்லை.

இதற்குத் தடைகூறுவார் மூவர். "மேனாட்டு முறை நமக்கு ஏலாது, நம் இசை மனோதர்மத்தால் வளர்வது, எழுதிவைத்ததை வாசிப்பதன்று" என்பார் ஒருவர். மனோதர்மத்தின் பெருமையை யான் மறுக்கவில்லை. ஆயினும், இரவிசங்கரின் சிதார்க் கோவையொன்றை 1981-இலும், யாழ்ப்பாணத்தில் வளர்ந்த தமிழராகிய எல். சுப்பிரமணியத்தின் பிடிலிசையை 1985-இலும் நியூயார்க்குப் பல்லியத்துடன் நடத்தியவர் ஜுபின் மேத்தாவே. தில்லி வானொலி 1952-இல் நம் கருவிகளைக் கொண்டே வாத்திய விருந்தம் என்னும் பல்லியத்தை அமைத்தது; அதனை இரவிசங்கரும் தமிழ்நாட்டு டி.கே. ஜெயராம ஐயரும் நடத்தினர். தனியிசை தனியே தழைக்கட்டும். கூட்டிசை அதற்குப் பகையன்று.

"ஒருவர் கோலுக்கு நூறுபேர் அடங்குதல் சர்வாதிகாரம்" என்பார் மற்றொருவர். 1842-இல் தோன்றிய வியன்னா பில்ஹார்மானிக் பல்லியத்திற்கு 1933 முதல் நிலையான தலைவரே இல்லை. தம்மை நடத்துவோரை அக்கலைஞரே தெரிந்தெடுத்து அழைக்கின்றனர். கோல் ஒருவர் கையில் இருப்பினும், அதனைக் கொடுப்பது பலர் விருப்பமாதல் கூடும் என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

"பொருள் எங்கே?" என்பார் மூன்றாமவர். இவர் கேள்வி நியாயமானதே. தொண்ணூறு கலைஞர்க்கு ஊதியம் அளிக்க ஒரு கல்லூரியால் இயலாது. ஆனால் யான் கேட்பது வியன்னாவை அன்று, ஒரு பலகையை.

பலகையாவது யாது? பெரியபுராணத்தில் ஒரு செய்தி வருகின்றது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஆலவாய்க் கோயிலின் வாயிலில், வெளியே நின்று யாழிசைத்தார். குலத்தால் அவர் உட்புகலாகாதவராய் இருந்தார். இறைவன் தொண்டர்க்கு உணர்த்த, அவரை அவர்கள் உள்ளே அழைத்தனர். தரையின் ஈரம் யாழைக் கெடுக்கும். ஆதலின் அமர்வதற்குப் பலகையிடுக என வானில் ஒரு குரல் எழ, பொற்பலகை இடப்பட்டது. யான் கிறித்தவன், எனினும், மதுரையிற் பிறந்த கதைகளுள் இதனினும் உயர்ந்ததொன்றை யான் அறியேன். வெளியே நின்ற இசைவாணனை உள்ளழைத்து, அவனுக்கும் அவன் கருவிக்கும் இடந்தந்தது அந்நாளைய மதுரை.

இந்நாளிலோ கருவிகளும் குலத்தால் பிரிந்து கிடக்கின்றன. வீணை ஒரு தெருவினது, நாகசுரமும் தவிலும் மற்றொரு தெருவின, பறையோ ஊர்ப்புறத்தது. பறையைச் சாவிற்குரியதென ஒதுக்கினோருள் கிறித்தவரும் உளர் என்பதை நாம் மறைத்தலாகாது. அலங்காநல்லூரைச் சார்ந்த பறையிசை ஆசான் வேலு அவர்கட்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அரசு பட்டம் அளித்தது. நாம் பக்கத்தில் இடம் அளித்தோமா? பறையும் வீணையும் ஒரே மேடையில், ஒரே காலக்கணக்கில், ஒருவர் கைக்குறிப்பிற்கு ஒருங்கே ஒலித்தலை நம் ஊர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பர்? பல்லியத்தின் மெய்யான பயன் இங்கேதான் உளது. உடனமர்ந்து உண்ணுதல் எத்துணை அருமையோ, உடனமர்ந்து இசைத்தல் அத்துணை அருமை. பக்கத்திலிருப்பவனைக் கேளாமல் எவனும் பல்லியத்தில் இசைக்கவியலாது. கேட்கத் தொடங்கியபின் அவனை இழிந்தவனாக எண்ணுதலும் எளிதன்று.

இதற்கு நம் முன்னோரும் ஒருவாறு வழிகாட்டியுள்ளனர். மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் என்னும் போதகர், ஆங்கில ஞானப்பாட்டுக்களே போதுமென அமைந்தாரல்லர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலியோரின் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853-இல் அச்சேற்றினார். இராகமும் தாளமும் திருச்சபைக்குள் வந்து அமர அவர் இட்டது ஒரு பலகையே. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற ஆபிரகாம் பண்டிதர், தஞ்சையில் 1912-இல் சங்கம் கண்டு, பல வித்துவான்களை ஒரே அவையிற் கூட்டினார். அவர் இட்டதும் பலகையே.

ஆதலின், நம் கல்லூரியில் ஒரு மாணவர் பல்லியம் அமைதல் வேண்டும் என முன்மொழிகின்றேன். வாரத்தில் ஒரு மாலையும் ஓர் அறையும் போதும். முதற்கண் பன்னிருவர் போதுவர்: கோயிற் பாடகர் குழுவிற் பிடில் வாசிப்பவர், விடுதியிற் புல்லாங்குழல் ஊதுபவர், மேலூரினின்றும் உசிலம்பட்டியினின்றும் பறையும் தவிலும் கொண்டுவருபவர். இடர்கள் உண்டு. நாகசுரத்தின் சுருதியை நினைத்தபடி மாற்றவியலாது; மற்றவரே அதனோடு இணங்கவேண்டும். பறையைத் தீயிற் காய்ச்சியே பதமாக்க வேண்டும். வீணையோ அப்பேரோசையில் மூழ்கிவிடும். இவற்றைத் தீர்த்தலே கல்வி. யார் எப்போது ஒலிக்கவேண்டும், யார் எப்போது அடங்கவேண்டும் என்பதை ஆய்ந்து எழுதுதலே நெறியாளர் பயிலும் முதற்பாடம். தமிழ்த்துறையார் பாட்டுத் தரலாம். கணிதத்துறையார் தாளக்கணக்குத் தரலாம். பழைய மாணவர் கருவிகளில் ஒன்றிரண்டு வாங்கித் தரலாம். கோலை ஆண்டுதோறும் ஒருவரிடம், இசைப்போரே தெரிந்தெடுத்து ஒப்படைக்கலாம்.

2023-இல், எண்பத்தேழாம் அகவையில், ஜுபின் மேத்தா பம்பாய் வந்து அந்நகரப் பல்லியத்தை நடத்தினார். தந்தை குழு அமைத்து எண்பத்தெட்டு ஆண்டுகள் சென்றிருந்தன. இத்தகைய முயற்சியின் பயன் தொடங்கியவர் கண்காணக் கிடைப்பதரிது. ஆயினும் தொடங்கினாலன்றிக் கிடைப்பதேயில்லை. நண்பர்காள்! கோலெடுக்கத்தக்கவர் நம்முள் யாரென்பதைக் காலம் காட்டும். பலகையிடும் பணியோ இன்றே நம்முடையது. வருகின்ற கல்லூரியாண்டின் முதல் வாரத்திலேயே அறையொன்றைத் திறந்து, வாயிலில் நிற்பாரை உள்ளே அழைப்போமாக.